இரண்டு லட்சம் பி.டி.யு. பர்னர் வேண்டுமா?

கேள்வி: சிகாகோவுக்குப் பக்கத்தில் நேப்பர்வில்லில் இருக்கிறேன். இதுவரை சமையலறை அடுப்பில் மால்ட் எக்ஸ்ட்ராக்ட் (முளைகட்டிய தானியத்தின் சாறு) கரைத்துச் சின்ன அளவில் பியர் காய்ச்சிவந்தேன். இனி தானியத்திலிருந்தே 5 காலன் காய்ச்சலாம் என்று 10 காலன் கெட்டில் வாங்கிவிட்டேன். வெளியே வைத்துக் காய்ச்ச புரொப்பேன் பர்னர் தேடினால் 55,000 பி.டி.யு. (வெப்பத்தை அளக்கும் அலகு) முதல் 2,10,000 வரை கிடைக்கிறது. பெரிதாகவே வாங்கிவிடலாமா? மச்சினரிடம் சும்மா கிடக்கும் டர்க்கி ஃபிரையர் (வான்கோழி பொரிக்கும்) அடுப்பு போதுமா? குளிர்காலத்தில் கராஜ் கதவைத் திறந்துவைத்துக் காய்ச்சலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: கூடாது. கதவு திறந்திருந்தாலும் காற்றின் திசை மாறினால் கார்பன் மோனாக்சைடு உள்ளேயே தங்கிவிடும். அதற்கு வாசனை கிடையாது. கசியும் புரொப்பேனோ காற்றைவிடக் கனமானது, தரையோடு தரையாகத் தேங்கும். குளிருக்கு வேண்டுமானால் வீட்டுச் சுவரின் காற்று படாத பக்கமாக, ஜன்னல் கதவுகளிலிருந்து தள்ளி, வெளியே வையுங்கள். மர டெக் மேலும் வேண்டாம்.

இனி பி.டி.யு. கணக்கு. அந்த எண், பர்னர் ஒரு மணி நேரத்தில் அதிகபட்சம் எரிக்கக்கூடிய வாயுவின் சூட்டைச் சொல்கிறது. கெட்டிலுக்குள் போகும் சூட்டை அல்ல. திறந்த வெளியில் பாதிக்கு மேல் பக்கவாட்டில் வீணாகும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 7 காலன் வோர்ட்டை (தானியத்தை ஊறவைத்து வடித்த இனிப்பு நீர்) 150 டிகிரி ஃபாரன்ஹீட்டிலிருந்து கொதிநிலைக்கு ஏற்ற, உள்ளே போகவேண்டியது சுமார் 3,600 பி.டி.யு. தான். 60,000 பி.டி.யு. பர்னர் இதைப் பத்து நிமிடத்தில் முடித்துவிடும். காற்றடிக்கும் நாளில் பதினைந்து ஆகலாம். கொதி வந்தபிறகு தேவை இன்னும் குறைவு. மணிக்கு ஒரு காலன் ஆவியாக 8,000 பி.டி.யு. உள்ளே போனால் போதும், அதாவது பர்னரைப் பாதி அளவுக்கும் கீழே இறக்கிவிடுவீர்கள். காய்ச்சும் நேரத்தில் பெரும்பகுதி இப்படித்தான் போகிறது. ஆகவே சிறு தீயில் நிதானமாக நின்று எரிகிறதா என்பதைத்தான் முதலில் பாருங்கள். 2,10,000 பி.டி.யு. எல்லாம் 15, 20 காலன் காய்ச்சுபவர்களுக்கு.

ஒற்றை முனையிலிருந்து பீய்ச்சும் ஜெட் வகையைத் தவிர்த்துவிடுங்கள். கல்யாண மண்டபச் சமையற்கட்டு மாதிரி இரைச்சல், அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்ப்பார்கள். அதைவிட, சூடு அடியின் நடுவில் குவிந்து வோர்ட் தீயும். அந்தக் கருகல் வாசனை பியரை விட்டுப் போகாது. 10 அங்குல வார்ப்பிரும்பு பேன்ஜோ பர்னரில் தீ அடி முழுக்கப் பரவும். ஆனால் 30 பி.எஸ்.ஐ. (வாயு அழுத்த அலகு) ரெகுலேட்டரோடு வந்தால் சிறு தீ வைப்பது சிரமம், புகைக்கரி படியும். அந்த பர்னருக்கென்றே விற்கப்படும் 10 பி.எஸ்.ஐ. ரெகுலேட்டரோ, நடுவில் வாயுவை நுணுக்கமாகக் கூட்டிக் குறைக்கும் ஒரு நீடில் வால்வோ இருந்தால் சரியாகிவிடும். குறைந்த அழுத்த பர்னருக்கு உயர் அழுத்த ரெகுலேட்டர் போடுவது மட்டும் ஆபத்து. அந்த பர்னரில் வாயு வரும் துளை (ஆரிஃபிஸ்) பெரிது, தீ கட்டுக்கடங்காது.

மச்சினர் அடுப்பின் காலை அளந்து பாருங்கள். அவை பெரும்பாலும் ஒல்லியான, உயரமான 30 குவார்ட் (ஏழரை காலன்) பாத்திரத்துக்குச் செய்தவை. உங்கள் கெட்டில் 14, 15 அங்குல அகலம் இருக்கும். நிறைந்தால் 75 பவுண்டைத் தாண்டும். தாங்கி, அடிப்பாகத்தைவிட அகலமாக இல்லாவிட்டால் வேண்டாம். சிலவற்றில் 15 நிமிட டைமர் வாயுவை அடைத்துவிடும். அறுபது நிமிடக் கொதியில் மறுபடி மறுபடி அதைத் திருப்பிவிட வேண்டும். டைமரைக் கழற்றிவிட்டு ஓட்டும் யோசனை வேண்டவே வேண்டாம்.

சிலிண்டர் வால்வை மெதுவாகத் திறங்கள். சட்டென்று திறந்தால் பாதுகாப்பு அடைப்பு விழுந்து வாயு குறைந்து, பர்னர் கெட்டுப்போனதுபோல் தீ மினுமினுக்கும். இரண்டு வால்வையும் மூடி, இணைப்பைக் கழற்றி மாட்டி, மறுபடி மெல்லத் திறந்தால் சரியாகும். ஒவ்வொரு முறையும் இணைப்புகளில் சோப்பு நீர் தடவிக் குமிழி வருகிறதா பாருங்கள். தீ மஞ்சளாக எரிந்தால் காற்று போதவில்லை: காற்று நுழையும் ஷட்டரைத் திறங்கள். அப்படியும் மாறாவிட்டால் குழாய்க்குள் சிலந்தி வலை இருக்கும். மாதக்கணக்கில் வெளியே கிடந்த பர்னரில் இது சாதாரணம். தீ பர்னரை விட்டு எகிறினால் காற்று அதிகம்.

கொதி வரும் நேரம் பக்கத்திலேயே நில்லுங்கள். நுரை பொங்கித் தீயை அணைத்துவிட்டால் வாயு வந்துகொண்டே இருக்கும். உடனே அடைத்து, சில நிமிடம் கலையவிட்டுப் பிறகு பற்றவையுங்கள். ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர் வைத்திருந்தால் பொங்கலை அடக்கலாம்.

சிலிண்டர் ஒரு காய்ச்சலுக்குச் சுமார் 3, 4 பவுண்டு புரொப்பேன் குடிக்கும். மாற்றிக்கொடுக்கும் கடைச் சிலிண்டரில் பெரும்பாலும் 15 பவுண்டுதான் இருக்கும், ஆகவே நான்கு முறைக்குக் கணக்கு வையுங்கள். குளிரில் பாதி காலியான சிலிண்டர் மேல் பனி படிந்து தீ சுருங்கும். அதற்காக அதை அடுப்பருகே நகர்த்தாதீர்கள். குளிர்காலத்தில் நிறைந்த சிலிண்டரோடு தொடங்குங்கள். எவ்வளவு மிச்சம் என்று அறிய, கழுத்தில் டி.டபிள்யூ. (TW) என்ற எழுத்துக்கு அருகே பொறித்திருக்கும் வெற்று எடையை, தராசு காட்டும் எடையிலிருந்து கழியுங்கள். 4 பவுண்டுக்குக் கீழே இருந்தால் தானியத்தை அரைக்கும் முன்பே வேறு சிலிண்டர் வாங்கி வைத்துவிடுங்கள்.