குடிலில் குழந்தையை எப்போது வைப்பது? கிறிஸ்து பிறப்பை அதன் பொருளோடு கொண்டாட

கேள்வி: டிசம்பர் பிறந்ததும் நட்சத்திரம், குடில், புத்தாடை, பரிசு என்று ஓடுகிறோம். நள்ளிரவுத் திருப்பலியில் பிள்ளைகள் தூங்கிவிடுகிறார்கள்; எங்களுக்கும் களைப்பு. 25ஆம் தேதி மாலையே எல்லாம் முடிந்துபோன வெறுமை வந்துவிடுகிறது. கத்தோலிக்கக் குடும்பமாக இந்த விழாவின் ஆன்மிகப் பொருளை வீட்டில் எப்படிக் கடைப்பிடிப்பது?

பதில்: இந்த வெறுமைக்குப் பக்திக் குறைவு காரணமல்ல. திருஅவை விழாவைத் தொடங்குகிற நாளில் நீங்கள் முடித்துவிடுகிறீர்கள். அது காத்திருக்கச் சொல்லும் வாரங்களில் கொண்டாடித் தீர்த்துவிட்டால், கொண்டாடச் சொல்லும் நாள்களில் கையில் ஒன்றும் மிஞ்சாது. நாள்காட்டியைச் சரிசெய்தாலே பாதிச் சிக்கல் தீரும். ஆனால் அதற்கு முன், எதைக் கொண்டாடுகிறோம் என்பதில் தெளிவு வேண்டும்.

பிள்ளைகளிடம் "இன்று இயேசுவுக்குப் பிறந்தநாள்" என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறோம். பிறந்தநாள் என்பது ஒருவருடைய வாழ்வு தொடங்கிய நாளை நினைத்துப் பார்ப்பது. இறைமகனோ பெத்லகேமில் புதிதாக இருக்கத் தொடங்கியவர் அல்லர். என்றென்றும் தந்தையோடு இருக்கிறவர், மரியாவிடம் நம் உடலை எடுத்துக்கொண்டார். மனித வேடம் போடவில்லை, கடவுள் தன்மையைக் கழற்றி வைத்துவிட்டும் வரவில்லை. ஒரே ஆள், முழுமையாகக் கடவுள், முழுமையாக மனிதர் என்று 451இல் ஆயர்கள் கூடிய கால்செதோன் பொதுச்சங்கம் அறிக்கையிட்டது இதைத்தான். "வாக்கு மனிதர் ஆனார், நம்மிடையே குடிகொண்டார்" என்ற யோவான் நற்செய்தியின் வரியே விழாவின் மையம். அந்நாள் டிசம்பர் 25தானா என்று பிள்ளைகள் கேட்டால் மழுப்ப வேண்டாம். நற்செய்தி நூல்கள் தேதி எதையும் சொல்வதில்லை. உரோமையில் இந்தத் தேதியில் விழா இருந்ததற்கு 4ஆம் நூற்றாண்டிலேயே ஏடு உண்டு.

ஏன் மனிதர் ஆனார்? திருஅவையின் மறைக்கல்வி நூல் (எண் 457 முதல் 460 வரை) நான்கு காரணங்கள் தருகிறது: நம்மைப் பாவத்திலிருந்து மீட்டுக் கடவுளோடு ஒப்புரவாக்க, கடவுளின் அன்பை நாம் அறிய, தூய வாழ்வுக்கு முன்மாதிரியாக இருக்க, நம்மை இறைத்தன்மையில் பங்குபெறச் செய்ய. நான்காவதைத்தான் பெரும்பாலோர் கேட்டதேயில்லை, கிறிஸ்துமஸின் ஆழமோ அதில்தான் இருக்கிறது. ஒவ்வொரு திருப்பலியிலும் அருள்பணியாளர் திராட்சை இரசத்தில் சிறிது தண்ணீர் சேர்ப்பதைக் கவனியுங்கள். நம் மனித இயல்பில் பங்குகொள்ளத் தம்மைத் தாழ்த்திய கிறிஸ்துவின் இறைத்தன்மையில் நாங்களும் பங்குபெறுவோமாக என்று அப்போது மெல்லிய குரலில் மன்றாடுகிறார். கிறிஸ்து பிறப்பு விழாவின் பழைய மன்றாட்டு ஒன்றிலிருந்து வந்த சொற்கள் அவை. இரசத்தில் விழுந்த தண்ணீரைத் திரும்பப் பிரிக்க முடியாது. குழந்தைகளுக்கு மனிதஉடலேற்பை, அதாவது இறைமகன் மனிதர் ஆனதை, விளக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை.

இப்போது நாள்காட்டி. காத்திருப்பின் வாரங்களான திருவருகைக் காலம் நவம்பர் 30ஐ ஒட்டிய ஞாயிறன்று தொடங்குகிறது. ஆண்டைப் பொறுத்து 22 முதல் 28 நாள்கள். டிசம்பர் 16 வரை வழிபாட்டின் நோக்கு பெரிதும் ஆண்டவரின் இரண்டாம் வருகையின் மீது இருக்கிறது. ஊதா உடையும், ஞாயிற்றுக்கிழமைகளில்கூட "உன்னதங்களிலே" என்ற புகழ்ப்பாடல் பாடப்படாததும் நம் பசியைத் தூண்டுவதற்காகத்தான். 17ஆம் தேதி போக்கு மாறும். அன்றிலிருந்து 24 காலைவரை திருப்பலி நற்செய்திகள் பிறப்பை நோக்கிப் படிப்படியாக நகர்கின்றன: இயேசுவின் மூதாதையர் பட்டியல், யோசேப்பின் கனவு, செக்கரியா, மரியாவுக்கு வானதூதரின் வாழ்த்து, எலிசபெத்தைச் சந்தித்தல், மரியாவின் பாடல், திருமுழுக்கு யோவானின் பிறப்பு, செக்கரியாவின் பாடல். எட்டு நாள், எட்டுப் பகுதி. மத்தேயு முதல் அதிகாரத்தையும் லூக்கா முதல் அதிகாரத்தையும் திறந்து இரவு உணவுக்கு முன் ஒரு பகுதி வாசியுங்கள். ஐந்து நிமிடம் போதும். மழலைகள் உள்ள வீட்டில் மூதாதையர் பட்டியல் நீளமாகத் தோன்றினால் சில பெயர்களை மட்டும் வாசிக்கலாம். ஆனால் தாமார், இராகாபு, ரூத்து, உரியாவின் மனைவி ஆகியோரை விட்டுவிடாதீர்கள். பிற இனத்தாரும் சிக்கலான கதைகளும் கலந்த குடும்பத்துக்குள்தான் கடவுள் வந்தார்.

குடிலை முன்பே அமைக்கலாம். தீவனத் தொட்டி மட்டும் 24 இரவுவரை காலியாக இருக்கட்டும். முதல் வாரமே குழந்தையை வைத்துவிட்டால், பிள்ளைகள் காத்திருக்க எதுவும் இல்லாமல் போகிறது. ஞானிகளை அறையின் மறுகோடியில் வைத்து, நாளுக்கு நாள் சற்றே நகர்த்தி, அவர்கள் குழந்தையை வணங்கியதை நினைவுகூரும் திருக்காட்சி விழாவன்று குடிலுக்குக் கொண்டுவாருங்கள். அவர்கள் மூவர் என்று மத்தேயு சொல்லவில்லை, காணிக்கைகள்தான் மூன்று. மாடும் கழுதையும் லூக்காவில் இல்லை, எசாயா 1:3இலிருந்து வந்தவை. தன் உடைமையாளரை மாடு அறிகிறது, என் மக்களோ அறியவில்லை என்று ஆண்டவர் வருந்தும் இடம் அது. 1223இல் அசிசியின் புனித பிரான்சிஸ் கிரேச்சோவில் அமைத்த குடிலில் வைக்கோலும் மாடும் கழுதையும்தான் இருந்தன, சுரூபங்கள் இல்லை; அந்தத் தீவனத் தொட்டியின்மேல் திருப்பலி நிறைவேறியது. பெத்லகேம் என்றால் எபிரேயத்தில் "அப்பத்தின் வீடு". அப்பத்தின் வீட்டில், உணவு வைக்கும் தொட்டியில் கிடத்தப்பட்டவர் இன்று நற்கருணையாக வருகிறார். குடிலின் முன் நின்றுவிட்டு நற்கருணை வாங்காமல் திரும்புவது பாதி வழியில் திரும்புவதுதான்.

அதற்குத் தயாரிப்பு ஒப்புரவு அருளடையாளம், அதாவது பாவசங்கீர்த்தனம். 24 மாலைக்குத் தள்ளிப்போடுவதே வழக்கமான தவறு. வரிசை நீளும், அருள்பணியாளருக்கும் உங்களுக்கும் அவசரம், ஆன்மச் சோதனை அரைகுறையாகும். திருவருகையின் மூன்றாம் வாரத்தில் முடித்துவிடுங்கள். யாரோடு பேச்சு நின்றிருக்கிறது என்பதிலிருந்து சோதனையைத் தொடங்குங்கள். ஒப்புரவாக்க வந்தவரின் விழாவுக்கு அதுவே பொருத்தமான தொடக்கம்.

இனி நள்ளிரவுத் தூக்கம். விழாவுக்குத் திருவிழிப்பு, இரவு, விடியல், பகல் என நான்கு திருப்பலிகள் உண்டு; எதில் பங்கேற்றாலும் திருப்பலி காணும் கடமை நிறைவேறும். சிறு பிள்ளைகளை இரவுக்கு இழுத்துச் செல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. திருவிழிப்பில் யோசேப்பின் கனவும், இரவில் பிறப்பும் வானதூதர் செய்தியும், விடியலில் இடையர் தொட்டியைக் கண்டடைவதும், பகலில் "தொடக்கத்தில் வாக்கு இருந்தது" என்ற பகுதியும் வாசிக்கப்படும். இரவோடு வீடு திரும்புகிறவர்கள் இடையர்கள் போய்ச் சேர்ந்ததைக் கேட்பதில்லை! அந்தப் பகுதியை (லூக்கா 2:15-20) காலையில் குடில் முன் நீங்களே வாசியுங்கள். நற்கருணை வாங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து தண்ணீரும் மருந்தும் தவிர எதுவும் உட்கொள்ளக் கூடாது. இரவு விருந்தைத் திட்டமிடும்போது இதை நினைவில் கொள்ளுங்கள். நம்பிக்கை அறிக்கையில் "மனிதர் ஆனார்" என்று சொல்லுமிடத்தில் மற்ற நாள்களில் தலை வணங்குகிறோம். கிறிஸ்து பிறப்பு அன்றும், மார்ச் 25 ஆண்டவரின் பிறப்பு அறிவிப்பு அன்றும் முழந்தாளிட வேண்டும். பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லி வைத்தால், அந்த ஒரு கணத்துக்காகவே விழித்திருப்பார்கள்.

25ஆம் தேதி சனி அல்லது திங்களில் வந்தால் ஞாயிறுக்கும் விழாவுக்கும் தனித்தனியாக இரண்டு திருப்பலிகள் காண வேண்டும். ஒன்று இரண்டுக்கும் ஈடாகாது.

பிறகுதான் உண்மையான கொண்டாட்டம். ஜனவரி 1 வரை எட்டு நாளும் எண்கிழமை, ஒரே பெருவிழாவின் நீட்சி. 26 புனித ஸ்தேவான், 27 புனித யோவான், 28 ஏரோது கொன்ற மாசில்லாக் குழந்தைகள், இடையில் வரும் ஞாயிறு திருக்குடும்பம், ஜனவரி 1 மரியா இறைவனின் தாய். குழந்தை பிறந்த விழாவின் மறுநாளே, கல்லெறிந்து கொல்லப்பட்ட ஸ்தேவானுக்கு விழா ஏன் என்று பிள்ளைகள் கேட்பார்கள். அந்தத் தொட்டியில் கிடந்தவர் சிலுவைக்கென்று வந்தவர் என்பதைச் சொல்ல அதுவே தருணம். பரிசுகளை 25இல் கொட்டித் தீர்க்காமல் எட்டு நாளுக்குப் பிரித்துக் கொடுங்கள். தேவையில் இருப்பவருக்குத் தரும் பங்கு மட்டும் முந்தியே, விழாச் செலவுக்கு எடுக்கும் முன்னரே போய்ச் சேரட்டும். கடைசியில் மிஞ்சுவதைக் கொடுப்பது என்று வைத்தால் மிஞ்சுவதே இல்லை.

குடிலை 26இல் கலைக்க வேண்டாம். கிறிஸ்து பிறப்புக் காலம் ஆண்டவரின் திருமுழுக்கு விழாவோடு முடிகிறது. அது ஜனவரி 7க்கும் 13க்கும் இடையே வரும். சில வீடுகளில் பிப்ரவரி 2, அதாவது பிறப்பின் 40ஆம் நாளில் வரும் ஆண்டவரைக் காணிக்கையாக அர்ப்பணித்த விழாவரை வைத்திருப்பார்கள், அதிலும் தவறில்லை. கலைக்கும்போது குழந்தைச் சுரூபத்தை மட்டும் மற்றப் பொம்மைகளோடு போட்டுக் கட்டாமல், குடும்பமாகச் செபிக்கும் இடத்தில் ஒரு துணியில் சுற்றி வையுங்கள். அடுத்த டிசம்பரில் தேட வேண்டியிருக்காது.