பட்டு ஸ்கார்ஃபில் ஃபெல்ட் பூக்கள்: கேள்வி பதில்

கேள்வி: அக்கா, பட்டை வெட்டும்போது கோணிக்கொண்டே போகிறது. கத்தரி புதிதுதான்.

பதில்: கத்தரி மேல் குற்றமில்லை, பட்டு வழுக்குகிறது. அடியில் வெள்ளைத் தாள் விரித்துத் துணியோடு சேர்த்துக் குண்டூசி குத்தி, இரண்டையும் ஒன்றாக வெட்டுங்கள். செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும். நேர்கோட்டுக்கு ஸ்கேலைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டு கொடுத்து, ஒரே ஒரு குறுக்கிழையை நகத்தால் பிடித்து மெல்ல உருவுங்கள். இழை போன இடத்தில் மெல்லிய கோடு தெரியும். அதன்மேலேயே வெட்டிக்கொண்டு போகலாம். நடுவில் இழை அறுந்தால் அதுவரை வெட்டிவிட்டுப் பக்கத்து இழையை எடுங்கள்.

கேள்வி: ஓரத்துக்கு பீகோ போதுமா?

பதில்: பீகோ என்பது மெஷினில் போடும் நெருக்கமான ஓரத்தையல். மெல்லிய பட்டில் அது அலையலையாக நிற்கும். விரலால் உருட்டிக் கையால் ஹெம்மிங் போடுங்கள். முதலில் ஓரம், அப்புறம்தான் பூ.

கேள்வி: எந்த ஃபெல்ட் வாங்குவது?

பதில்: கைவினைக் கடை ஷீட்டுகள் பெரும்பாலும் பாலியெஸ்டர். 1 மி.மீ. தடிமன் போதும். சூடான இஸ்திரிப்பெட்டி பட்டால் உருகிவிடும், கவனம். கம்பளி ஃபெல்ட்டில் இதழ் அழகாக வளையும், ஆனால் வெந்நீரில் சுருங்கும். இரண்டுமே நெய்யாத துணி என்பதால் வெட்டிய ஓரம் பிரியாது.

கேள்வி: மேடம், பூ வைத்த இடத்தில் துணி சுருங்கித் தொங்குகிறது. எவ்வளவு கவனமாகத் தைத்தும் சரிவரவில்லை.

பதில்: எடைதான் காரணம். பட்டின் கனத்தை மொம்மே என்ற அளவில் சொல்வார்கள். 1 மொம்மே என்றால் சதுர மீட்டருக்குச் சுமார் 4.34 கிராம். 8 மொம்மே பட்டில் 180 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலத்துக்கு ஸ்கார்ஃப் தைத்தால் மொத்த எடையே 28 கிராம்தான்! அது ஐந்தடுக்குப் பூவைத் தாங்காது. 16 மொம்மே எடுங்கள். பூ இரண்டடுக்கோடு நிற்கட்டும், இரு முனையிலும் ஒரே அளவில் இருக்கட்டும். பின்பக்கம் அதே நிறத்தில் ஆர்கன்சா என்ற மெல்லிய, விறைப்பான துணியில் சிறு வட்டம் வைத்துச் சேர்த்துத் தைத்தால், இழுவிசை பட்டின்மேல் விழாது.

மடியில் வைத்துத் தைக்காதீர்கள். மடியின் வளைவில் துணி இழுபட்டு நிற்கும், விரித்ததும் சுருங்கும். மேசையில் தட்டையாகப் போட்டு, 10-ம் நம்பர் ஊசியில் எம்பிராய்டரி நூலின் ஆறு இழையில் ஒன்றை மட்டும் கோத்து, பூவின் நடுவில் மட்டும் நாலைந்து தையல் போடுங்கள். நூலை இறுக்க வேண்டாம். இதழ்கள் தளர்வாக இருந்தால்தான் பட்டு அசையும்போது அவையும் அசையும். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்ததே அந்த அசைவுதான்.

கேள்வி: குளூ கன்னால் ஒட்டலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். பசை பட்டில் ஊறி மறுபக்கம் கறையாகத் தெரியும், காய்ந்தால் விறைக்கும். தையல் என்றால் பிரித்து மாற்றலாம்.

கேள்வி: துவைத்தால் சாயம் போகுமா?

பதில்: சில ஃபெல்ட்டில் போகும். தங்கை மகளுக்கு க்ரீம் நிறப் பட்டில் சிவப்புப் பூ வைத்துக் கொடுத்தேன். முதல் துவைப்பிலேயே ஒவ்வொரு பூவைச் சுற்றியும் ரோஸ் வளையம். அந்த ஸ்கார்ஃப் திரும்பத் தேறவில்லை. அதிலிருந்து ஃபெல்ட் துண்டை நனைத்து, வெள்ளைத் துணியில் அரை மணி நேரம் சுற்றிவைத்துப் பார்க்காமல் தைப்பதில்லை. நீங்களும் அப்படியே செய்யுங்கள். துவைக்கும்போது குளிர்ந்த நீரில் துளி ஷாம்பு போதும். முடியைப் போலப் பட்டும் புரதம்தானே. பிழியாமல் துண்டில் சுருட்டி ஈரத்தை ஒற்றி, நிழலில் விரித்து உலர்த்துங்கள்.