111111111-ஐ வர்க்கம் எடுத்தால் கடைசியில் 00 வருவது ஏன்?

உங்கள் பெண் போட்ட விடையும் எக்செல் (கணினியில் கணக்குப் போடும் அட்டவணைச் செயலி) காட்டியதும் ஒத்துப்போகவில்லை, எது சரி என்று கேட்டீர்கள். உங்கள் பெண் போட்ட கணக்கு சரி, எக்செல்தான் கடைசி இரண்டு இலக்கத்தை விழுங்கிவிட்டது. விடை 12345678987654321. குடியாத்தம் கண்காட்சி அட்டையில் இதையே எழுதச் சொல்லுங்கள், திரையில் வந்த 12345678987654300 வேண்டாம்.

எக்செல் ஒரு எண்ணில் 15 இலக்கம்தான் வைத்துக்கொள்ளும், இந்த விடை 17 இலக்கம், மிச்சத்துக்குப் பூஜ்யம் போட்டுவிடும். ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனிக்குக் கணக்கு எழுதியபோது, 16 இலக்க வங்கிக் கணக்கு எண்ணை அப்படியே அடித்துவிட்டு, கடைசி இலக்கம் 0 ஆனது தெரியாமல் நானும் ஒரு வாரம் அலைந்திருக்கிறேன்.

சோதிக்க வேண்டுமா? ஒற்றைப்படையை ஒற்றைப்படையால் பெருக்கினால் கடைசியில் 0 வரவே வராது. அப்புறம், 111111111-இன் இலக்கங்களைக் கூட்டினால் 9, ஆகவே அது 9-ஆல் வகுபடும், அதன் வர்க்கமும் வகுபட்டாக வேண்டும். சரியான விடையின் கூட்டுத்தொகை 81. திரையில் இருப்பதைக் கூட்டிப் பாருங்கள், 78தான் வரும், அது 9-ஆல் வகுபடாது. இலக்கங்கள் இடம் மாறியிருந்தாலோ, பிழை 9-இன் மடங்காக இருந்தாலோ இந்தச் சோதனை பிடிக்காது.

முழு விடையைக் கையால் போட, 111111000 + 111 என்று பிரித்துக்கொள்ளுங்கள். முதல் பகுதியின் வர்க்கம் 12345654321-க்குப் பின்னால் ஆறு பூஜ்யம், இரு பகுதிகளையும் பெருக்கி இரட்டித்தால் 24666642-க்குப் பின்னால் மூன்று, கூடவே 111-இன் வர்க்கம் 12321, மூன்றையும் தாளில் கூட்டினால் போதும்.

ஒன்று மட்டும் கவனம்: இந்த ஏறி இறங்கும் அழகு ஒன்பது ஒன்றுகளோடு சரி. பத்தாவது ஒன்றைச் சேர்த்தால் நடுவில் மீதி ஏறி 1234567900987654321 ஆகிவிடும்.