குழந்தைக்குத் தன் உடம்பு எப்போது பிடிபடுகிறது?

என் மகளுக்கு மூன்று மாதம். தன் கையையே வெகுநேரம் உற்றுப் பார்க்கிறாள். ஏதாவது பிரச்சினையா? (வாசகி, மதுரை)

இல்லைம்மா, இந்த வயதில் செய்யவேண்டியதைத்தான் செய்கிறாள். வேறு யாராவது கன்னத்தைத் தொட்டால் கன்னத்தில் மட்டும்தான் உணர்வு. தன் விரலே பட்டால் விரல், கன்னம் இரண்டிலும் ஒருசேர உணர்வு. பிறந்து ஒரு நாள்கூட ஆகாத குழந்தைகளுக்கே இந்த வித்தியாசம் தெரிகிறது என்று உளவியல் ஆய்வாளர்கள் ஃபிலிப் ரோஷாவும் சூசன் ஹெஸ்போஸும் 1997இல் காட்டினார்கள். பிறர் விரல் பட்டால் பால் தேடித் தலையைத் திருப்பிய குழந்தைகள், தங்கள் கை பட்டபோது அவ்வளவாகத் திரும்பவில்லை. இப்போது உங்கள் மகளுக்குக் கண்ணும் சேர்ந்துகொண்டது. நினைத்தபோது அசைகிற இந்தப் பொருள் தன்னுடையது என்று கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறாள்.

கீறிக்கொள்வாள் என்று நாள் முழுக்கக் கையுறை மாட்டி வைக்காதீர்கள். நகத்தை வெட்டிவிட்டால் போதும். ஒரு வயதுக்குள் ஒரே கையை மட்டும் பயன்படுத்தி, மறுகையைக் கண்டுகொள்ளாமல் விட்டால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

பதினைந்து மாதப் பேரன் கண்ணாடியைப் பார்த்துச் சிரிக்கிறான். அது தான்தான் என்று அவனுக்குத் தெரியுமா? (வாசகர், தஞ்சாவூர்)

இன்னும் தெரியாமல் இருக்கலாம். துடைப்பதுபோல மூக்கில் ஒரு மைப்பொட்டு வைத்துவிட்டுக் கண்ணாடி முன் நிறுத்துங்கள். கன்னத்தில் வைத்தால் திருஷ்டிப் பொட்டு பழகிப்போயிருக்கும், பொருட்படுத்த மாட்டான். கண்ணாடியைத் தொடாமல் தன் மூக்கைத் தொட்டால் புரிந்துவிட்டது என்று அர்த்தம். பெரும்பாலும் 18 முதல் 24 மாதத்துக்குள் இது வரும். ஆனால் இதைப் பரீட்சையாக்க வேண்டாம். கென்யாவில் சோதித்தபோது பெரிய பிள்ளைகள்கூடப் பொட்டைத் தொடாமல் அப்படியே நின்றார்கள். அதற்காக அவர்களுக்குத் தங்களைத் தெரியாது என்று சொல்லிவிட முடியுமா?

இரண்டு வயது மகன் உள்ளங்கை அளவு பொம்மை காருக்குள் காலை நுழைக்கப் பார்க்கிறான். முடியாமல் அழுகிறான். (வாசகி, ஈரோடு)

நிஜமாகவே முயல்கிறான், விளையாட்டுக்கு அல்ல. உளவியல் ஆய்வாளர் ஜூடி டிலோச்சும் அவருடைய சகாக்களும் 2004இல் இதை விரிவாக எழுதினார்கள். ஒன்றரை முதல் இரண்டரை வயது வரை இது சகஜம். கார் என்றால் ஏறி உட்கார வேண்டும் என்று மனதுக்குத் தெரியும். தன் உடம்பு எவ்வளவு பெரியது என்ற கணக்கு அதோடு இன்னும் சேரவில்லை. தான் மிதித்து நிற்கிற போர்வையைத் தானே இழுத்துப் பார்த்துத் திணறுவதும் இதே வயதில்தான். சிரிக்காதீர்கள், அந்த அழுகை உண்மையானது. காலி அட்டைப்பெட்டி, நாற்காலிக்கு அடியில், மேஜைக்கு அடியில் என்று நுழைந்து வர விடுங்கள். அளவு உடம்பால்தான் படியும்.

ஐந்து வயதில் செருப்பை மாற்றிப் போடுகிறாள். (வாசகி, நெல்லை)

இடது வலது உறுதிப்பட ஆறு, ஏழு வயதாகும். எதிரே நிற்பவரின் இடது வலதுக்கு இன்னும் கொஞ்ச காலம் ஆகும். அவசரம் வேண்டாம்.

தவழும்போது கட்டில் விளிம்பில் நின்றுவிடுவான். நடக்கத் தொடங்கியதும் நேராக நடந்து விழப்போகிறான். மறந்துவிட்டானா? (வாசகர், சென்னை)

இந்தக் கேள்வியைத்தான் எல்லாப் பெற்றோரும் கேட்க வேண்டும். நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கேரன் அடால்ஃப் குழந்தைகளைச் சரிவுகளில் விட்டுப் பார்த்தார். தவழ்ந்தபோது செங்குத்தான சரிவைத் தவிர்த்த அதே குழந்தைகள், நடை வந்த புதிதில் அதில் தயங்காமல் இறங்கினார்கள். தவழும் உடம்பு வேறு, நடக்கும் உடம்பு வேறு. புதிய உடம்புக்குப் பாடம் முதலிலிருந்து தொடங்குகிறது. அதனால் முன்பு ஜாக்கிரதையாக இருந்தான் என்று நம்பி விட்டுவிடாதீர்கள். நடை பழகும் மாதங்களில் பாயைத் தரையில் விரித்துப் படுக்க வையுங்கள். கட்டிலில் இருக்கும்போது பக்கத்திலேயே நின்று, திரும்பிக் குப்புறப் படுத்துக் காலை முதலில் இறக்கச் சொல்லிக்கொடுங்கள்.