கியூசெக்கும் டிஎம்சியும் ஒன்றா?

கேள்வி: மேட்டூரில் 10,000 கியூசெக் திறப்பு, இருப்பு 65 டிஎம்சி என்று செய்தியில் வருகிறது. இரண்டும் ஒன்றுதானா? எங்கள் வாய்க்காலில் எத்தனை கியூசெக் ஓடுகிறது என்று நாங்களே பார்க்க வழி உண்டா? - வாசகர், நீடாமங்கலம்

பதில்: ஒன்றல்ல. கியூசெக் என்பது ஓட்டம். ஒரு வினாடியில் ஒரு கனஅடி, அதாவது 28.3 லிட்டர், கடந்து போவது. டிஎம்சி என்பது இருப்பு; 100 கோடி கனஅடி. எத்தனை நேரம் ஓடியது என்று தெரிந்தால்தான் கியூசெக்கை டிஎம்சியாக மாற்ற முடியும். ஒரு நாளுக்கு 86,400 வினாடி. 10,000 கியூசெக் நாள் முழுக்க ஓடினால் 0.864 டிஎம்சி, முழுசாக ஒரு டிஎம்சி போக 11,574 கியூசெக் வேண்டும். 'வினாடிக்கு 10,000 கியூசெக்' என்று எழுதுவது பிழை, வினாடி அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. 'வினாடிக்கு 10,000 கனஅடி' என்பதே சரி.

வயல் கணக்கில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். ஒரு கியூசெக் ஒரு நாள் பாய்ந்தால், வழியில் கசிவே இல்லாவிட்டால், 12 ஏக்கரில், நம் கணக்கில் ஏறக்குறைய 36 மாவில், இரண்டு அங்குலம் தண்ணீர் நிற்கும். மண் வாய்க்காலில் கசிவு இல்லாமல் இராது. அதனால் தலைமதகில் திறந்த அளவை வைத்துக் கடைமடைக்குக் கணக்குப் போடாதீர்கள்.

இனி உங்கள் வாய்க்கால். வளைவும் ஆகாயத்தாமரையும் இல்லாத நேரான 30 அடி நீளத்தைத் தேர்ந்து இரு முனையிலும் குச்சி நடுங்கள். அகலம் 4 அடி, ஆழம் மூன்று இடத்தில் பார்த்துச் சராசரி ஒன்றரை அடி என்று வையுங்கள். அகலத்தை ஆழத்தால் பெருக்கினால் குறுக்குவெட்டுப் பரப்பு 6 சதுர அடி. கரை சரிவாக இருந்தால் மேல் அகலத்தையும் தரை அகலத்தையும் கூட்டிப் பாதியாக்குங்கள். முதல் குச்சிக்குச் சற்று முன்னால், தண்ணீர் வரும் பக்கத்தில், நடு நீரோட்டத்தில் ஒரு ஆரஞ்சுப் பழத்தைப் போடுங்கள். வெறும் பாட்டிலைக் காற்று தள்ளிவிடும், கணக்கு கெடும். பழம் முக்கால்வாசி அமிழ்ந்து மிதக்கும். 30 அடியை 20 வினாடியில் கடந்தால் வேகம் வினாடிக்கு 1.5 அடி. மேல்நீர் அடிநீரைவிட விரைவாக ஓடும் என்பதால் 0.85-ஆல் பெருக்குங்கள்: 1.275. அதை 6-ஆல் பெருக்கினால் 7.65 கியூசெக். மூன்று முறை விட்டுப் பார்த்துச் சராசரி எடுப்பது அவசியம். 0.85-ஐ விட்டுவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு; விட்டால் இதே வாய்க்கால் 9 கியூசெக் காட்டும்.

கேள்வி: வெள்ள அறிக்கையில் 'கியூமெக்' என்று இருக்கிறது. அச்சுப்பிழையா? - வாசகர், அணைக்கரை

பதில்: பிழையில்லை. அது வினாடிக்கு ஒரு கனமீட்டர்; 35.3 கியூசெக்குக்குச் சமம். கொள்ளிடத்தில் 1,000 கியூமெக் என்றால் 35,300 கியூசெக். அதை ஆயிரம் கியூசெக் என்று படித்துவிட்டு மாட்டையும் மோட்டாரையும் படுகையிலேயே விட்டுவைக்காதீர்கள்.