14 இன்ச் கையும் ரெண்டு பனியனும்

அண்ணா வணக்கம்,

திருச்சில இருந்து எழுதுறேன், வயசு 23. ரெண்டு வருஷமா ஜிம் போறேன், ஒரு நாள் கட் அடிச்சதில்ல. கை 14 இன்ச்லயே நிக்குது, நெஞ்சு 38, தோள் இருக்கறதே தெரியல. எனக்கப்புறம் சேந்தவன் ஆறே மாசத்துல மாடு மாதிரி ஆயிட்டான். மாஸ்டர்கிட்ட கேட்டா "நேச்சுரல்லா இவ்ளோதான் வரும், ஒரு சைக்கிள் போடு, டெஸ்டோ மட்டும்தான், பயப்படாத"ங்கறாரு. அதாவது டெஸ்டோஸ்டிரோன்ங்கற ஆம்பள ஹார்மோன் ஊசிய சில வாரம் போட்டுட்டு நிறுத்தறது. நான் என்ன போட்டிக்கா போறேன், டோப்பிங்லாம் ஒலிம்பிக் போறவனுக்குதானேண்ணா? பேர் போடாதீங்க.

*

தம்பி,

ஊசி வேலை செய்யாதுன்னு நான் சொல்ல மாட்டேன், அப்படி சொல்றவங்களாலதான் உங்க வயசு பசங்க டாக்டர விட்டுட்டு மாஸ்டர நம்புறாங்க. 1996ல அமெரிக்கால 40 சொச்சம் ஆம்பளைங்கள வச்சு 10 வாரம் ஒரு ஆராய்ச்சி நடந்துச்சு. டம்மி ஊசி போட்டுட்டு ஒழுங்கா வெயிட் அடிச்சவங்களுக்கு கொழுப்பில்லாத எடை ஒரு 2 கிலோ ஏறுச்சு, டெஸ்டோ போட்டுட்டு வெயிட்டே தொடாம இருந்தவங்களுக்கு 3 கிலோவுக்கு மேல, ரெண்டும் செஞ்சவங்களுக்கு 6 கிலோ. பக்கத்துல நிக்கறவன் போட்டானா இல்லையான்னு எனக்கு தெரியாது, ஆனா போட்டிருந்தான்னா அவனோட ஆறு மாசத்த உங்க ரெண்டு வருஷத்தோட வச்சு பாக்கறது கணக்கே இல்ல.

ஒலிம்பிக்னு சொன்னீங்க. 1988 சியோல்ல பென் ஜான்சன் 100 மீட்டர 9.79ல ஓடிட்டு மாட்டுனது ஸ்டனோசோலால்ங்கற ஸ்டீராய்டுல, டெஸ்டோ ரகம்தான், அதே சரக்கதான் இன்னிக்கும் ஜிம்ல கட்டிங்குக்குன்னு, அதாவது கொழுப்ப கொறச்சு மசில் தெரியறதுக்குன்னு, போடறாங்க. அவருக்கு மெடல் போச்சு, உங்ககிட்ட புடுங்க மெடல் இல்ல, அவ்ளோதான் வித்தியாசம். மருந்துக்கு ஆள் தெரியாது. வெளிலேந்து டெஸ்டோ வந்தா மூளை 'இருக்கற சரக்கே போதும்'னு விதைக்கு ஆர்டர் போடறத நிறுத்திடும், விதை சுருங்கும், விந்தணு கொறையும், மிச்ச டெஸ்டோல கொஞ்சம் ஈஸ்ட்ரோஜனா மாறி மார் வைக்கும். நிறுத்துனப்புறம் சொந்த சுரப்பு திரும்ப மாசக்கணக்காகும், அதுக்குள்ள சைஸும் எறங்கி மனசும் எறங்கி அடுத்த சைக்கிளுக்கு போயிடுவாங்க. டாக்டர் சீட்டு இல்லாம விக்கக்கூடாத மருந்து வேற, மாஸ்டர்கிட்ட அந்த பாட்டிலுக்கு மெடிக்கல் பில் கேட்டு பாருங்க, அவர் மூஞ்சி எப்படி போகுதுன்னு எனக்கும் சொல்லுங்க.

கோயம்புத்தூர்ல வேலை பாத்தப்ப என் ரூம்ல ஒருத்தன் இருந்தான். ஒல்லியா தெரியறேன்னு சட்டைக்குள்ள ரெண்டு பனியன் போடுவான், மே மாச வெயில்லயும். அப்புறம் ஊசிக்கு போனான், ஒண்ணரை வருஷத்துல கை 17 இன்ச். அப்பவும் ரெண்டு பனியன்தான், மார் வீங்கி காம்பு துருத்திட்டு தெரியுதாம். ராத்திரி பதினோரு மணிக்கு டெய்லர் டேப்ப எடுத்துட்டு கண்ணாடி முன்னாடி நிப்பான், தம் கட்டி ஒரு தடவ அளப்பான், தம் விட்டு ஒரு தடவ. "சின்னதா இருக்குல்ல?"ன்னு என்ன கேப்பான். அந்த கை என் தொடை சைஸ் இருக்கும். (என் தொடைய பத்தி இங்க பேச வேணாம்.) இதுக்கு மசில் டிஸ்மார்ஃபியான்னு பேரு. ஹாரிசன் போப்ங்கற மனநல டாக்டரும் அவர் கூட்டாளிங்களும் 1993ல இத எழுதறப்ப தலைகீழ் அனோரெக்சியான்னாங்க, அதாவது எலும்பும் தோலுமா இருந்துட்டு குண்டா இருக்கேன்னு பட்டினி கெடக்கறாங்கல்ல, அதோட மறுபக்கம். எனக்கு அப்ப இதெல்லாம் தெரியாது, "லூசாடா நீ"ன்னுட்டு திரும்பி படுத்துக்குவேன்.

உங்களுக்கு அது இருக்குன்னு ஒரு கடிதத்த வச்சு சொல்ல நான் டாக்டர் இல்ல. ஆனா ஒண்ணு கண்ணுல பட்டுச்சு. கை, நெஞ்சு, தோள்னு அளவா எழுதிருக்கீங்க, பெஞ்ச்ல எவ்ளோ தூக்கறீங்க, சேந்தப்ப எவ்ளோ தூக்குனீங்க, என்ன சாப்பிடறீங்க, எத்தன மணிக்கு படுக்கறீங்க, ஒரு வரி இல்ல. அத எழுதி அனுப்புங்க தம்பி.