யூரின் கல்ச்சரில் கிருமி, உடம்பிலோ ஒரு தொந்தரவும் இல்லை: மாத்திரை வேண்டுமா?

அம்மாவுக்கு 72 வயது, சர்க்கரை உண்டு. மாஸ்டர் செக்கப்பில் எடுத்த யூரின் கல்ச்சரில் (சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) ஈ.கோலை என்ற கிருமி ஒரு லட்சத்துக்கு மேல் என்று வந்தது. எரிச்சல், காய்ச்சல் இல்லை. ஆன்டிபயாடிக் எழுதியிருக்கிறார்கள். கொடுக்கலாமா?

நீங்கள் சொல்வதுபோல் எந்த அறிகுறியும் இல்லை என்றால் தேவையில்லை. 70 வயதைத் தாண்டிய பெண்களில் நூற்றுக்குப் பத்திருபது பேர் சிறுநீரில் கிருமியோடு நன்றாகவே நடமாடுகிறார்கள். சர்க்கரை உள்ளவர்களுக்காவது கொடுக்க வேண்டாமா என்றால், 2002-இல் வெளியான ஆய்வில் அப்படிப்பட்ட பெண்களுக்குக் கொடுத்தே பார்த்தார்கள். கிருமி கொஞ்ச நாள் மறைந்தது, ஆனால் பின்னால் தொற்று வந்து அவதிப்படுவது குறையவில்லை. எழுதிய டாக்டரிடமே போய், "அம்மாவுக்கு ஒரு தொந்தரவும் இல்லை, மருந்தில்லாமல் பார்க்கலாமா?" என்று கேளுங்கள்.

அப்படியென்றால் டாக்டர்கள் ஏன் எழுதுகிறார்கள்?

பெரும்பாலும் தெரியாமல் இல்லை. பயம்தான் காரணம். மருந்து தராமல் விட்டு நாளைக்குக் காய்ச்சல் வந்தால் பழி டாக்டர் மேல் விழும். தந்த மருந்தால் வயிற்றுப்போக்கு வந்தாலோ, அடுத்த முறை எந்த மாத்திரைக்கும் கட்டுப்படாத கிருமி வளர்ந்தாலோ யாரும் அவரைக் கேட்பதில்லை. அப்புறம் அந்த ரிப்போர்ட்டைப் பாருங்கள், கிருமியின் பெயர், கீழே எந்தெந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்ற பட்டியல், அதைக் கையில் வைத்துக்கொண்டு "ஒன்றும் வேண்டாம், போய் வாருங்கள்" என்று சொல்ல நேரமும் வேண்டும், துணிச்சலும் வேண்டும், எதிரே உட்கார்ந்திருக்கும் குடும்பமும் அதை ஏற்க வேண்டும்.

என்னைக் கேட்டால், தப்பு அதற்கும் முன்னாலேயே, அறிகுறி இல்லாதவருக்குக் கல்ச்சர் எழுதும்போதே தொடங்கிவிடுகிறது. கனடாவில் டொரான்டோவின் மவுன்ட் சினாய் மருத்துவமனையில், கதீட்டர் (சிறுநீர் வெளியேறப் போடும் குழாய்) இல்லாத உள்நோயாளிகளின் கல்ச்சர் முடிவைத் தானாக அனுப்பாமல், டாக்டர் லேபுக்கு போன் செய்து கேட்டால் மட்டும் சொன்னார்கள். கிருமி இருந்தும் அறிகுறியே இல்லாதவர்களில் மருந்து வாங்கியவர்கள் 48 சதவீதத்திலிருந்து 12 சதவீதமாகக் குறைந்தார்கள். 2014-இல் வெளியான முடிவு இது. இங்கே எந்த செக்கப் பேக்கேஜிலும் கல்ச்சரைச் சேர்க்கக் கூடாது என்பேன்.

யூரின் ரிப்போர்ட்டில் பஸ் செல்ஸ் (சீழ் அணுக்கள்) 15–20, நாற்றமும் இருக்கிறது. அதுவுமா பரவாயில்லை?

அந்த இரண்டை மட்டும் வைத்து மருந்து தர வேண்டியதில்லை. தண்ணீர் குறைவாகக் குடித்தாலும் நாற்றம் வரும். எரிச்சல், அடிக்கடி அவசரமாகப் போவது, அடிவயிற்று வலி, விலாவுக்குக் கீழே வலி, குளிர்காய்ச்சல், இதில் ஏதாவது இருந்தால் கதை வேறு, உடனே காட்டுங்கள்.

தாத்தாவுக்குக் கதீட்டர் போட்டு ஒரு மாதம் ஆகிறது. இரண்டு நாளாகக் குழப்பமாகப் பேசுகிறார். யூரின் தொற்று என்கிறார்கள்.

மாதக்கணக்கில் கதீட்டர் இருந்தால் கிட்டத்தட்ட எல்லோருக்கும் கல்ச்சரில் கிருமி வளரும், அதனால் குழப்பத்துக்கு அதுதான் காரணம் என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது. இதில் எனக்குக் கவலையே, யூரின் மேல் பழியைப் போட்டுவிட்டு உண்மையான காரணத்தைத் தேடாமல் விடுவதுதான். சோடியம் குறைந்திருக்கிறதா, உடம்பில் நீர் வற்றியிருக்கிறதா, மலச்சிக்கலா, புதிதாகத் தூக்க மாத்திரை தொடங்கினார்களா, நெஞ்சில் சளி இருக்கிறதா என்று டாக்டர் பார்க்க வேண்டும், இன்றைக்கே காட்டுங்கள். காய்ச்சல், நடுக்கம், ரத்த அழுத்தம் இறங்குவது இருந்தால் அவசரப் பிரிவுக்கே போய்விடுங்கள், அங்கே ஆன்டிபயாடிக் தாமதிக்கக் கூடாது. கதீட்டர் இன்னும் தேவையா என்றும் மறக்காமல் கேளுங்கள்.

நான்கு மாதக் கர்ப்பம். எனக்கும் தொந்தரவு இல்லை, ஆனால் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். நிறுத்தலாமா?

நிறுத்தாதீர்கள்! கர்ப்பத்தில் இந்தக் கிருமி சிறுநீரகம்வரை ஏறும் வாய்ப்பு அதிகம், அதனால் அறிகுறி இல்லாவிட்டாலும் கல்ச்சர் பார்த்து மருந்து தருவதுதான் சரி. சிறுநீர்ப் பாதை வழியாகப் புராஸ்டேட் ஆபரேஷன் செய்யப்போகிறவர்களுக்கும் அப்படியே, முன்னாலேயே பார்த்துக் கொடுத்துவிட வேண்டும்.